வரைபடத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி

வாசகர் கடிதத்திலிருந்து: "காட்பாடிக்கு அப்பால் ஒரு சிறிய ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் பகுதிக்கு வரைவு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வந்திருக்கிறது. எங்கள் ஏரிக்கு மேற்கே, மேட்டுப் பக்கம் உள்ள நிலங்களுக்கு அதில் ஊதா நிறம் அடித்துத் தொழில் பகுதி என்று காட்டியிருக்கிறார்கள். போய்க் கேட்டோம். 'இது வெறும் வரைபடம்தானம்மா. ஆலை வரும்போது சுற்றுச்சூழல் அனுமதி கேட்பார்கள், கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே வந்து சொல்லுங்கள்' என்றார்கள். ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள். இப்போதே மனு எழுதினால் பிழைப்பைக் கெடுக்கிறோம் என்று ஊரே பேசும். காத்திருக்கலாமா? எழுதுவதென்றால் என் பெயரிலா, ஊராட்சி பெயரிலா?"

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். உங்களுக்குப் பதில் சொன்னவர் ஏமாற்ற நினைத்ததாக நான் எண்ணவில்லை. அலுவலகங்களில் பலரும் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அவர் சொன்ன அந்தக் கூட்டம் உங்கள் ஊரில் நடக்காமலே போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதுவதே என் தொழில் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு திட்டம் வந்தால் சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிடும் இந்த மதிப்பீடு நம் நாட்டில் 1994இல் கட்டாயமானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிக்கை. எந்தெந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. தொழிற்பேட்டையும் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால் பேட்டையின் பரப்பு 500 ஹெக்டேருக்குக் கீழே இருந்து, அட்டவணையில் பெயர் இல்லாத ஆலைகள் மட்டுமே உள்ளே வருவதாக இருந்தால், தொழிற்பேட்டை என்ற வகையில் அனுமதி தேவையில்லை. 500 ஹெக்டேர் என்பது 1,235 ஏக்கர். உங்கள் ஊரின் நஞ்சை, புன்செய், புறம்போக்கு எல்லாம் சேர்த்தால் அந்த அளவு வருமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் கட்டுமானத் திட்டம் என்ற வகையில் அனுமதி வாங்க வேண்டும். சரி, அப்போதாவது கூட்டம் நடக்குமா என்றால், கட்டுமானத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்குத் தருகிறது. தோல் பதனிடும் ஆலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அட்டவணையில் இருக்கிறது. பேட்டைக்கு முறைப்படி அனுமதி வாங்கும்போது ஒரு தடவை கூட்டம் நடக்கும். அதன் பிறகு அந்தப் பேட்டைக்குள் வரும் ஒவ்வோர் ஆலைக்கும் தனியாகக் கூட்டம் கிடையாது, அதற்கும் விலக்கு உண்டு.

நல்வாய்ப்பாகக் கூட்டம் நடந்தே விட்டது என்றாலும், எதைப் பற்றிப் பேச விடுவார்கள்? ஒரு மதிப்பீட்டு அறிக்கையின் ஐந்தாம் அத்தியாயம் மாற்று வழிகளைப் பற்றியது. வேறு இடம், வேறு தொழில்நுட்பம் பார்த்தீர்களா என்று கேட்கும் அத்தியாயம். முழு அறிக்கையிலும் இதைவிட மெலிந்த அத்தியாயத்தை நான் பார்த்ததில்லை. "இவ்விடம் முழுமைத் திட்டத்தில் தொழில் பகுதியாக ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்டுள்ளதால் மாற்று இடம் பரிசீலிக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் எழுதுகிற வரிதான். சட்டப்படி அதில் தவறும் கிடையாது. இன்றைக்கு நீங்கள் ஒன்றும் கேட்காமல் விட்டால், நாளைக்கு உங்களுக்கு எதிராகச் சான்று சொல்லப்போவது அந்த ஊதா நிறம்தான்.

இடையில் இன்னொன்றும் நடக்கும். வரைபடம் வெளியானதும் நிலத் தரகர்கள் வந்துவிடுவார்கள். கடன் உள்ளவர்கள் முதலில் விற்பார்கள். பக்கத்து நிலம் போனதும், வண்டிப் பாதையும் கிணற்றுப் பங்கும் போய்விட்டதே என்று மற்றவர்களும் விற்பார்கள். நாலைந்து வருடம் கழித்துக் கூட்டம் நடக்கும்போது எழுந்து பேச வேண்டியவர்களுக்கு அங்கே நிலமே இருக்காது. திட்டம் வரும்வரை பொறுத்திருந்து அப்புறம் பாதிப்பைக் கணக்கிடுவது, கல்யாணப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு ஜாதகம் பார்ப்பது மாதிரிதான்.

நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுகத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதுதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு உப்பு, எவ்வளவு குரோமியம் மண்ணில் இறங்கும், வருடத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஓர் ஆறு அதைத் தாங்குமா என்று முதலிலேயே கேட்டவர் யாருமில்லை. ஓடும் ஆறாக இருந்தால் கொஞ்சமாவது நீர்த்துப்போகும். பாலாற்றில் அதற்கும் வழியில்லை. கழிவு நேராக ஊற்றுநீரில் இறங்கிவிடும்.

ஆறு, ஓடை, நீர்த்தேக்கக் கரைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் ஆலைகள் வரக்கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டது 1989 மார்ச்சில். பாலாறு உள்ளிட்ட சில ஆறுகளுக்கு அந்தத் தூரம் ஐந்து கிலோமீட்டர் ஆனது 1998இல். நல்ல ஆணைகள்தான். ஆனால் அதற்குள் ஆலைகள் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டிருந்தன. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுதல் நடக்கும்வரை காத்திருக்காமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டின் சட்டத்தில் சேர்ந்தவை என்று அறிவித்த தீர்ப்பும் அதுதான். சட்டக் கல்லூரி மாணவர்கள் நம் மாவட்டத்தின் பெயரைப் படிப்பது இதற்காகத்தான் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. அதே பாலாற்று மாசுக்காக, இழப்பீடு கொடுங்கள், ஆற்றைச் சீரமையுங்கள் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30ஆம் தேதி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருடம்.

ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையும் அப்படித்தான். ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்து வைத்துவிட்டு 1990களில் ஆலை நின்றுபோனது. கழிவு அங்கேயேதான் கிடந்தது. அந்த வகை ஆலைக்கு அந்த இடம் சரிதானா என்பதை, எழுபதுகளில் தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போது மேசைமேல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டே கேட்டிருக்கலாம். கேட்பதற்குக் காசு ஆகியிருக்காது.

மொத்தமாகப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கும் நம் மாவட்டமே சாட்சி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது, "வேலூர் – வட ஆற்காடு" 81.79 புள்ளி பெற்று மிக மோசமாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் நின்றது. தமிழ்நாட்டில் இதைவிட அதிகப் புள்ளி வேறு எந்தப் பகுதிக்கும் இல்லை. அப்படிப்பட்ட பகுதிகளில் புதுத் திட்டங்களின் அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதையே 2010 ஜனவரியில் மத்திய அரசு கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. தனித்தனி ஆலைகளின் கோப்புகளைப் பார்த்தால் எல்லாமே ஒழுங்காக இருந்திருக்கும். பகுதியை மொத்தமாக எடைபோட்ட பிறகுதான் நிலைமை தெரிந்தது.

இந்த எடைபோடும் வேலையைத் திட்டமிடும்போதே செய்வதற்கு உத்திசார் சுற்றுச்சூழல் மதிப்பீடு என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இதற்கென்றே ஒரு பொது விதி கொண்டுவந்தது. நிலப் பயன்பாடு, போக்குவரத்து, நீர் மேலாண்மை, தொழில் என்று எந்தத் துறையில் அரசுத் திட்டம் தயாரித்தாலும், ஏற்பதற்கு முன்பே அதன் சூழல் விளைவை அறிக்கையாக எழுதி மக்களிடம் வைக்க வேண்டும். அறிக்கையில் மாற்று வழிகள் இருக்க வேண்டும். திட்டமே வராவிட்டால் அந்த இடம் எப்படிப் போகும் என்பதும் இருக்க வேண்டும். மக்கள் சொன்னதில் எதை எப்படிக் கணக்கில் எடுத்தோம் என்று பிறகு அறிவிக்கவும் வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி விதிதான். கேட்டோம், குறித்துக்கொண்டோம் என்று கைகழுவ முடியாது.

நம் நாட்டில் இதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. தேவை முற்றியபோது இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செய்திருக்கிறார்கள். அலக்நந்தா, பாகீரதி ஆற்றுப் படுகைகளில் 70 நீர்மின் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்த இந்திய வனவிலங்கு நிறுவனம், அவற்றில் 24 வேண்டாம் என்று 2012இல் சொன்னது. ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தால் அந்த 24ஐ யாரும் அடையாளம் கண்டிருக்க முடியாது.

சட்டம் இல்லாவிட்டாலும் உங்கள் கையில் இரண்டு பிடிகள் இருக்கின்றன. ஒன்று, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அதன் 26ஆவது பிரிவுப்படி, வரைவு முழுமைத் திட்டத்தை அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் அறிவித்து, ஆட்சேபங்களும் யோசனைகளும் தர இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். அதில் "யார் வேண்டுமானாலும்" எழுதலாம், நிலம் வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர்களுக்கு அதற்கும் வாய்ப்புத் தர வேண்டும். இன்னொன்று, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை உருவாக்கும்போதே தொடர்புடைய விவரங்களை அரசு தானாக வெளியிட வேண்டும் என்று அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது. இதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. நீங்கள் பயன்படுத்துங்கள். அந்த நிலங்களைத் தொழில் பகுதியாக மாற்றப் பரிந்துரைத்த குறிப்பு, அதற்கு எடுத்துக்கொண்ட நிலத்தடி நீர் விவரம், பரிசீலித்த மாற்று இடங்கள் ஆகிய மூன்றின் நகலைக் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டு மாத அவகாசத்துக்குள் பதில் கைக்கு வர வேண்டுமானால் இந்த வாரமே அனுப்புங்கள். "அப்படி ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். அந்தப் பதிலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள், அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

இனி மனுவைப் பற்றி. "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும், எனவே கைவிடுக" என்று எழுதி நூறு பேர் கையெழுத்துப் போட்டால், நூறும் சேர்ந்து ஒரே ஆட்சேபமாகத்தான் பதிவாகும். திட்டமிடுபவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய மனு புல எண்ணோடு (சர்வே நம்பரோடு) வரும் மனு. கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் நில விவரம் உள்ள அ பதிவேட்டைப் பாருங்கள், ஊதா அடித்த புல எண்களுக்குப் புலப்படம் எடுங்கள். ஏரியின் வரத்துக் கால்வாய் எந்தெந்தப் புல எண் வழியாக வருகிறது என்று குறியுங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருப்பது சுலபம். மழைக்காலத்தில் பட்டா நிலத்தின் மேல் பரவி வந்து ஏரியில் விழும் தண்ணீர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதற்கு ஊரில் மடை திறந்து பழகிய பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் பெருக்கெடுத்தபோது ஊர்ப் பிள்ளைகள் செல்போனில் எடுத்த படங்கள் இன்னும் இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று தேதியோடு காட்ட அதைவிட நல்ல சான்று ஒரு நிபுணரிடம்கூடக் கிடையாது. அப்புறம் ஏரியின் ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், எவ்வளவு, ஏரிக்குள்ளோ கரையிலோ ஊராட்சியின் குடிநீர்க் கிணறு இருக்கிறதா, கலங்கல் வழிந்தால் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது என்றும் எழுதுங்கள். கீழ் ஏரிக்காரர்கள் வேறு ஊராட்சியாக இருப்பார்கள். அவர்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள், அவர்கள் பக்கத்தில் ஊதா நிறமே இல்லாததால் வரைபடத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கேள்விகளாக இப்படி எழுதலாம்: "தொழில் பகுதியாகக் காட்டப்பட்டுள்ள இப்புல எண்களின் வழியே எங்கள் ஏரியின் வரத்து அமைந்துள்ளது. இப்பகுதி முழுவதும் ஆலைகள் வந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும், அது எங்கிருந்து எடுக்கப்படும், கழிவுநீர் எங்கே போகும் என்பதைத் திட்டம் கணக்கிட்டுள்ளதா? மாவட்டத்தில் ஏற்கெனவே உள்ள தொழிற்பேட்டைகளில் காலியாக உள்ள மனைகளின் பரப்பு பரிசீலிக்கப்பட்டதா? ஏரிக்குக் கீழ்ப்புறமாகவோ, நீர்வழி இல்லாத மேட்டுப் புன்செய்யிலோ மாற்று இடம் பார்க்கப்பட்டதா?" இடம் மாற்றும் கேள்வியில் நீங்களே ஒரு புல எண் தொகுதியைச் சொன்னால் மனுவின் எடை கூடும். ஆனால் பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்காமல் அவர்கள் நிலத்தைக் கை காட்டாதீர்கள்!

ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். ஷூ தைப்பதும் தோல் பதனிடுவதும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள், ஆனால் தண்ணீருக்கு அவை வேறு வேறு. பதனிட்டு முடிந்த தோலை வெட்டித் தைக்கும் ஆலையில் தண்ணீர்த் தேவை பெரும்பாலும் குடிக்கவும் கழிப்பறைக்கும்தான். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்துக் கழுவி, குரோமியத்தில் பதனிடுவதில்தான் உப்பும் கழிவும் பெருகுகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதனிடுதலை, அதிகம் மாசுபடுத்தும் தொழில்களுக்கான சிவப்பு வகையில் வைத்திருக்கிறது. வரைபடத்தின் ஊதா நிறம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. எனவே தொழிலே வேண்டாம் என்று எழுதத் தேவையில்லை. "இப்பகுதியில் சிவப்பு வகை ஆலைகள் அனுமதிக்கப்படமாட்டா என்று திட்டத்தின் விதியிலேயே எழுதுங்கள், வரத்துக் கால்வாயின் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்தைத் தொழில் பகுதியிலிருந்து நீக்குங்கள்" என்று கேளுங்கள். கம்பெனி பஸ்ஸில் போகும் பெண்களும் இதில் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் வீட்டிலும் குழாயில் வருவது அந்த ஏரி ஊற்றுத் தண்ணீர்தானே. என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஒழுங்காக இடம் பார்த்து அமைத்த ஒரு தொழிற்பேட்டை, ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பட்டறைகளைவிட மேல். உங்கள் சண்டை இடத்தோடும் வகையோடும் இருக்கட்டும்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். இப்போது வேண்டாம். வரைவு நிலையில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனால் "அவகாசம் கொடுத்தபோது ஏன் வரவில்லை" என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும்.

மனு உங்கள் பெயரிலா, ஊராட்சி பெயரிலா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அவகாசத்துக்குள் இவற்றில் ஒன்று வந்தால் தீர்மானம் போடுங்கள். வராவிட்டால் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, சிறப்புக் கிராம சபை கூட்டும்படி தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். அது தவிர ஆயக்கட்டுதாரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் புல எண்ணைச் சொல்லித் தனித்தனியாக எழுதட்டும், ஒரே மாதிரி நகல் வேண்டாம். நேரில் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்ற வரி ஒவ்வொரு மனுவிலும் இருக்க வேண்டும். நேரில் கொடுத்தால் முத்திரையுடன் நகல் வாங்குங்கள், தபாலில் என்றால் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபால். இரண்டு மாதக் கணக்கு அரசிதழில் வெளியான தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வரைபடத்தைப் பார்த்த நாளிலிருந்து அல்ல. அந்தத் தேதியை நாளைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.